வெந்தயம் அரைத்த காகிதக் கூடை

பாட்டி வீட்டில் அரிசி முறுக்கு வைத்திருந்த அந்தக் கனமான கூடை பழைய பேப்பரால் செய்தது என்றால் சின்ன வயதில் நான் நம்பவே இல்லை. போன மாதம் நானே செய்து பார்த்தேன். தினசரியைக் கிழித்து 3 நாள் ஊறவைத்து, தினம் தண்ணீர் மாற்றி, இரவு முழுக்க ஊறிய வெந்தயத்தோடு அரைத்தேன் (மிக்ஸி திணறியது, கிரைண்டர்தான் சரி). வெந்தயத்தின் வழவழப்புதான் இதில் பசை, கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார் பாட்டி.

கவிழ்த்த குண்டானில் ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் கூழைத் தட்டித் தட்டி அப்பினேன். அவசரப்பட்டு உச்சி வெயிலில் வைத்தேன், விளிம்பு பிளந்துவிட்டது! மிச்சக் கூழால் ஒட்டுப் போட்டு, அடுத்த 5 நாள் நிழலில் காயவிட்டேன்.

அப்புறம் உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை பிரைமர் 2 கோட். அது இல்லாமல் நேரே பெயிண்ட் அடித்தால் காகிதம் எல்லாவற்றையும் குடித்துவிடும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் பாவாடைச் சிவப்பை நினைத்து அடித்தேன், செங்கல் நிறத்தில் வந்திருக்கிறது. இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது.