முட்டை ஓட்டில் ஒரு மீன்கொத்தி

ஏப்ரல் தொடக்கத்திலிருந்தே எங்கள் வீட்டில் முட்டை ஓடுகளைக் குப்பைக்கூடையில் போடுவதை நிறுத்திவிட்டோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து சிறு துண்டுகளை அடுக்கி ஒட்டும் மொசைக் படம் ஒன்று செய்வது என்று முடிவானதும், ஒன்பது வயது மகள் டைல்ஸ் துண்டுகளைக் கேட்டாள். ஆறு வயது மகன் அம்மாச்சியின் டப்பாவில் கிடக்கும் வளையல் துண்டுகளைக் கேட்டான். இரண்டையும் மறுத்தேன். டைல்ஸை உடைக்கும்போது தெறிக்கும் சில்லு கண்ணுக்கு ஆபத்து. இடைவெளியை அடைக்கும் வெள்ளை சிமெண்ட்டின் காரம் பிஞ்சு விரல்களைப் புண்ணாக்கிவிடும். கண்ணாடி வளையலின் முனையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே இருக்காமல், குழந்தை தானே எடுத்து, தானே வைத்து, பிடிக்காவிட்டால் தானே பெயர்த்து மாற்றக்கூடிய பொருளாக எனக்கு முட்டை ஓடுதான் தோன்றியது.

மகனுக்கு இது பெரும் ஏமாற்றம். குப்பையிலா படம் செய்வார்கள் என்று கேட்டான். வியட்நாமின் அரக்கு ஓவியங்களை அவனுக்குக் காட்டினேன். மரத்திலிருந்து வடியும் அரக்கில் தூய வெள்ளை நிறம் எடுப்பதில்லை என்பதால், அங்குள்ள ஓவியர்கள் வெள்ளை வேண்டிய இடத்தில் முட்டை ஓட்டைப் பதித்தார்கள். 1925-இல் ஹனோயில் தொடங்கிய நுண்கலைப் பள்ளியில் பயின்றவர்கள் 1930-களில் இந்த முறையை ஓவியக் கலையாகவே வளர்த்தெடுத்தார்கள். வெடிப்பு விழுந்த அந்த வெண்மையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், பிறகு ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை.

படத்துக்கு வெண்மார்பு மீன்கொத்தியைத் தேர்ந்தெடுத்தது மகள். மார்பின் வெள்ளைக்குக் கடை முட்டையின் ஓடு, தலையின் பழுப்புக்கு நாட்டுக்கோழி முட்டையின் ஓடு என்று இரண்டு நிறங்கள் சாயமில்லாமலே கிடைத்துவிட்டன. ஓடுகளைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை ஈரம் காயும் முன்பே உரித்து, வெயிலில் உலர்த்தினோம். சவ்வு தங்கிவிட்டால் ஓடு நொறுங்காமல் தோல்போலத் தொங்கும் என்பதால், இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். முதுகின் நீலத்துக்கு, சமையலில் சேர்க்கும் நீல நிறத்தை வெந்நீரில் கரைத்து ஒரு கரண்டி வினிகர் விட்டு, வெள்ளை ஓடுகளை ஊறவைத்தோம். வினிகரின் புளிப்பு ஓட்டின் மேற்பரப்பைச் சற்றே அரித்து நிறம் பிடிக்கச் செய்கிறது. மணிக்கணக்கில் விட்டுவிட்டால் ஓடே மெலிந்து போகும். அலகின் சிவப்புக்குப் பீட்ரூட் சாற்றை நம்பியது என் தவறு. மங்கலான ஒரு நிறமே கிடைத்ததால், அதற்கும் கடைச் சாயத்தையே நாட வேண்டியிருந்தது.

முதலில் எடுத்த அட்டை ஃபெவிகாலின் ஈரத்தில் வளைந்துவிட்டதால், ஒரு அடி உயரமுள்ள ஒட்டுப்பலகைத் துண்டுக்கு மாறினோம். அதன் மேல் முழுவதும் கறுப்பு வண்ணம் பூசினோம். இந்த ஒரு வேலைதான் படத்தைக் காப்பாற்றியது என்பேன். பசை தடவிய இடத்தில் ஓட்டின் குமிழ்ந்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்து விரலால் அழுத்தினால், அது மெல்லிய சத்தத்துடன் பல துண்டுகளாக வெடிக்கும். பல் குச்சியால் அவற்றைச் சற்றே விலக்கிவிட்டால், அடியில் இருக்கும் கறுப்பு கோடுகளாகத் தெரிகிறது. சிமெண்ட் பூசாமலேயே மொசைக்கின் கோடுகள் கிடைத்துவிடுகின்றன.

ஆனால் குழந்தைகளுக்கு இடைவெளி விடுவதைப் போலக் கடினமானது வேறில்லை. படம் வரைந்த புத்தகத்தில் வண்ணம் தீட்டி, வெள்ளை தெரியாமல் நிரப்பிப் பழகிய கை அது. மகன் முதல் நாளில் வாலை ஓட்டுத் துண்டுகளால் அடைத்து, துண்டின் மேல் துண்டாக ஏற்றிவிட்டான். நீலமாக ஒரு பற்றுப் போட்டதுபோல் இருந்ததே தவிர, வாலாகத் தெரியவில்லை. மறுநாள், இத்தாலியில் உள்ள பழைய ரோமானிய நகரமான பாம்பெயின் மாளிகை ஒன்றின் தரையில் 1831-இல் கண்டெடுக்கப்பட்டு இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அலெக்சாண்டர் மொசைக்கின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கொண்ட அந்தப் போர்க்களக் காட்சியில், குதிரையின் கழுத்து வளைந்தால் கல் வரிசையும் கூடவே வளைகிறது. உருவத்தின் விளிம்பை ஒட்டி நெளிந்து செல்லும் இந்த அடுக்குக்கு லத்தீன் மொழியில் புழுவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அதைப் பார்த்த பிறகு நாங்கள் முறையை மாற்றினோம். முதலில் உருவத்தின் கோட்டை ஒட்டி ஒரே வரிசை, அதன் உட்புறம் இன்னொரு வரிசை, நடுவில் மிஞ்சும் இடம் கடைசியில். எங்கள் வீட்டுக் கூடத்தின் மொசைக் தரையில் ஏன் இப்படி வரிசை இல்லை என்று மகள் கேட்டாள். சிமெண்ட்டோடு பளிங்குச் சில்லுகளைக் கலந்து பரப்பி, இறுகியதும் தேய்த்து மெருகேற்றும் தரை அது. பெயர் ஒன்றானாலும், அங்கே சில்லுகள் விழுந்த இடத்தில் கிடக்கின்றன என்றேன். அன்று மாலை அவள் தரையில் குப்புறப் படுத்து, வெகுநேரம் அந்தச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளுக்கு முக்கால் மணி நேரம் வீதம் ஆறு நாட்களில் பறவை முடிந்தது. ஈரம் முழுதும் காய்ந்த பின், ஓடு பெயராமல் இருக்கத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மேலே ஒரு முறை பூசினோம். வாலைப் பெயர்த்துவிட்டுத் திரும்பச் செய்யலாமா என்று மகனிடம் கேட்டேன். வேண்டாம் என்றான். இப்போது சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் மீன்கொத்தியின் வால் மட்டும் கோடே இல்லாத நீலமாக இருக்கிறது. முதுகுக்கு வரும்போது அவன் விட்ட கறுப்புக் கோடுகள் சிறகின் வளைவோடு சேர்ந்தே வளைகின்றன.