காத்திருப்பவர்களின் நேரம்

ஏற்காட்டில் நவம்பர் பிறந்துவிட்டால் எஸ்டேட் ஆட்களுக்கு நாள்காட்டி தேவையில்லை. காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிடும். மார்ச், ஏப்ரலில் பூமழை என்று நாங்கள் சொல்கிற கோடைமழை விழுந்து, எட்டுப் பத்து நாளில் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, அதற்கப்புறம் எட்டு ஒன்பது மாதம் கிளையிலேயே நின்று முற்றுகிற பழம் அது. ஆனால் சிவந்த பிறகு அது நமக்குத் தருகிற அவகாசம் ரொம்பக் கொஞ்சம். விட்டால் கறுத்துக் காய்ந்து உதிரும். உதிர்ந்ததில் காய்த்துளைப்பான் வண்டு குடியேறி அடுத்த வருஷப் பழத்துக்கும் சேதம் வைக்கும். பறித்ததையும் அன்றைக்கே பல்ப்பரில், அதாவது பழத்தோலை உரிக்கிற மெஷினில், போட்டாக வேண்டும். ராத்திரி முழுக்க மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். அப்புறம் அந்தக் காப்பிக்கு நல்ல விலை கிடைக்காது.

இந்த மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் நான் ரைட்டர், கணக்கு எழுதுகிறவன். காலையில் மஸ்டர் என்கிற ஆள் கணக்கு எடுப்பது, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டை எழுதுவது, சாயங்காலம் பழம் எடை போடுவது, பல்ப்பர் ஓடி முடிகிறவரை கூடவே நிற்பது, இதுதான் வேலை. "காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று பவுல் எபேசு சபைக்கு எழுதிய வசனத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். வாலிபர் கூட்டங்களில் அந்த வசனத்தை வைத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: அதிகாலையில் எழுந்திரு, செல்போனைத் தள்ளி வை, நாளைத் திட்டமிடு. நல்ல புத்திமதிதான். நானும் மஸ்டருக்கு முன்னால் வேதம் வாசித்து ஜெபித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்; அது இல்லாத நாளில் என் பேச்சிலேயே ஒரு கடுகடுப்பு வந்துவிடும். ஆனால் எடைத் தராசுக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்த பிறகு அந்த வசனம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. என் கையில் இருப்பது என்னுடைய நேரம் மட்டுமா? எனக்கு முன்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருடைய சாயங்காலமும் என் பேனாவில் இருக்கிறது. அதற்கும் நான் தேவனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

வேலைக்கு வந்த புதிதில் நான் பார்த்த ஒரு தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அங்கே பறிப்பு நான்கரை மணிக்கு முடியும். எடை போட வேண்டியவர் வர ஆறாகும், சில நாள் ஆறரை ஆகும். டிசம்பர் மாதத்து ஆறு மணி என்றால் மலையில் இருட்டு; பனி வேறு இறங்கியிருக்கும். பெண்கள் சாக்கை விரித்து, பழத்தைக் கொட்டி, பச்சைக் காயைப் பொறுக்கி எறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் சும்மாதான் இருக்க வேண்டும். பழச்சாறு காய்ந்து விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். எறும்பு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே வீட்டை நினைத்துக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பூட்டின வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும், அடுப்புப் பற்றவைக்கவில்லை, தூரத்துக் கிராமத்துக்காரர்கள் காட்டுப் பாதையில் இருட்டில் நடக்க வேண்டும். ஒரு அக்கா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பறிக்கிறதுகூட வலிக்கல சார். இந்த நிக்கிறதுதான் முடியல."

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இதைப் பற்றி ஒரு பிரிவே இருந்தது. ஒரு நாளின் வேலை நேரமும், இடையில் இளைப்பாறுகிற நேரமும், வேலைக்காகக் காத்திருக்கிற நேரமும் எல்லாம் சேர்ந்து 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்றது அது. காத்திருக்கிற நேரத்தையும் அந்த மனிதரின் நாளிலிருந்துதான் எடுக்கிறோம் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு மத்தேயு 20-ஆம் அதிகாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமை. ஒரு வீட்டெஜமான் விடியற்காலையிலேயே கடைத்தெருவுக்குப் போய் ஆள் கூப்பிடுகிறான். மறுபடி ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியில் வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் போகிறான். "நீங்கள் பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன" என்று கேட்கிறான். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். கடைசியில் வந்தவர்களுக்கும் முழு நாள் கூலி. இதைப் பிரசங்கத்தில் கிருபை என்பார்கள். கிருபைதான், சந்தேகமே இல்லை. ஆனால் மஸ்டர் எடுக்கிறவன் கண்ணுக்கு இன்னொன்றும் படுகிறது. அந்த எஜமான் ஆளை அனுப்பவில்லை. அவனே எழுந்து ஐந்து தடவை கடைத்தெருவுக்கு நடக்கிறான். நிற்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டவும் இல்லை. சேலத்தில் காலையில் கட்டட வேலைக்காக மம்மட்டியும் தூக்குவாளியுமாக ரோட்டோரம் நிற்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒன்பது மணிக்கு மேலும் அங்கே நிற்கிறவர் முகத்தில் சோம்பல் இருக்காது, பயம் இருக்கும். இயேசு அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார். காலத்தைப் பிரயோஜனப்படுத்துவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பகுதி இதுதான்.

இப்போது இருக்கிற தோட்டத்தில் நான் மேனேஜரிடம் கேட்டது ஒன்றுதான்: மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே மேல்காட்டில் ஒரு எடை போட்டுவிடலாம் என்று. "அதுக்கு டிராக்டர் ரெண்டு தடவை ஏறணுமே, டீசல் யாரு கணக்குல?" என்றார். நியாயமான கேள்விதான், அவர் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். சரி, ஒரு வாரம் பார்ப்போம் என்று சம்மதித்தார். காலையில் பறித்தது மத்தியானமே கீழே வந்ததால் பல்ப்பரை மூன்று மணிக்கே ஓட்ட முடிந்தது. பல்ப்பர் ஆட்கள் நடுராத்திரி வரை விழித்திருப்பது குறைந்தது. மூட்டையில் பழம் சூடேறுவதும் குறைந்தது. சாயங்கால எடைக்குப் பாதிப் பழம்தான் மிச்சம் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே வரிசை கலைந்துவிடும். டீசல் கணக்கு அதற்கப்புறம் பெரிதாக எழவில்லை. சில பெண்களுக்கு மட்டும் முதலில் பிடிக்கவில்லை. மத்தியான எடையைத் தனியாக எழுதினால் கணக்குத் தப்பிவிடுமோ என்று சந்தேகம். ஆளுக்கு ஒரு சீட்டில் இரண்டு எடையையும் எழுதிக் கையில் கொடுத்ததும் அதுவும் போயிற்று.

காத்திருப்பு எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. பல்ப்பரில் தோல் போன கொட்டையைத் தொட்டியில் நொதிக்க விடுகிறோமே, அங்கே அவசரப்படவே கூடாது. மேலே இருக்கிற வழவழப்பு கரைய 24 மணி நேரமும் ஆகலாம்; குளிர் கடுமையான நாட்களில் 36 மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தை நம்பிக் கழுவ முடியாது. ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் தேய்த்தால் கூழாங்கல்லைப் போலச் சரசரக்க வேண்டும். தொட்டிக்குள் கையை நேராக விட்டு எடுத்தால் அந்தக் குழி மூடாமல் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் கழுவினால் வழவழப்பு ஒட்டிக்கொண்டு களத்தில் சரியாகக் காயாது, தாண்டிவிட்டால் புளிப்பு நாற்றம் ஏறிவிடும். "ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு காலமுண்டு" என்று வேதத்தில் பிரசங்கி புத்தகம் சொல்வதை நான் அந்தத் தொட்டிக்கரையில் கைநனைத்து ஒப்புக்கொண்டிருக்கிறேன். தொட்டியில் காத்திருக்கும்போது ஒரு வேலை நடக்கிறது. தராசுக்கு முன்னால் இருட்டில் நிற்கும்போது எதுவும் நடப்பதில்லை. ஒரு தாயின் பொழுது போகிறது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற புத்தியைத்தான் நான் தினமும் ஜெபத்தில் கேட்கிறேன்.

வேலை நேரத்தில் சுவிசேஷம் சொல்வதைப் பற்றிச் சபையில் சில நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இத்தனை பேரோடு பழகுகிறீர்கள், வாய்ப்பை விடலாமா என்பார்கள். பறிப்பு நேரத்தில் ஆளை நிறுத்தி வைத்துப் பிரசங்கம் பண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நேரம் அவர்கள் கூலிக்கு விற்ற நேரம்; பாதிப் பேர் இந்த மலைத் தெய்வமான சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள், ரைட்டர் சொல்கிறார் என்பதற்காகத் தலையாட்டுவார்கள். அப்படி ஒரு தலையாட்டல் கர்த்தருக்கு எதற்கு? ஆனால் ஒரு முதியவர் பி.எஃப். படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆபீஸ் வாசலில் தயங்கி நின்றால், மாசக் கணக்கு முடிக்கிற நாளாக இருந்தாலும் பேனாவை அதற்குத் திருப்பிவிடுவேன். எனக்கு அது அரை மணி நேரம். அவருக்கோ, தப்பாக எழுதிக்கொண்டு போனால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு இன்னொரு நாள் அலைச்சல், ஒரு நாள் கூலி நட்டம். மகள் சாகக் கிடந்த யவீருவின் வீட்டுக்கு அவசரமாகப் போகும் வழியில் இயேசு நின்று, பன்னிரண்டு வருஷம் நோயோடு இருந்த பெண் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது என் மனசில் இருப்பது சம்பள விஷயம். "கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்கிறது லேவியராகமம். எங்கள் தோட்டத்தில் கூலி நாள் தவறாமல் பேங்க் கணக்கில் ஏறிவிடுகிறது; அந்த வகையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது கைக்கு வர வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும். பஸ்ஸுக்கு நின்று, ஏடிஎம்மில் நின்று, பணம் தீர்ந்துவிட்டால் திரும்பி வந்து மறுநாள் போக வேண்டும். பறிப்புக் காலத்தில் அதில் அரை நாள் கூலி போகிறது. சம்பளம் ஏறுகிற சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்து வண்டியையே டவுனுக்கு ஒரு தடவை அனுப்பலாம், பேங்க் பிரதிநிதி யாராவது கைமெஷினோடு மேலே வருவாரா என்றும் கேட்டுப் பார்க்கலாம் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை டீசலைப் பற்றி அவரே முதலில் பேச்செடுத்தார், போட்டுக்கொள்ளலாம் என்று. பேங்குக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. பதில் வர வேண்டும்.