வேலூர் கோடை முகாமில் ஏர் ரைஃபிள்: பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு சொல்லித்தரும் முறை

வேலூரில் மே மாத ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) முகாம் என்றால் காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். களைப்பு வந்ததும் துப்பாக்கி முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்ற நினைப்புதான் முதலில் தவறும். 12 வயது நிரம்பியவர்களை மட்டுமே சேர்க்கிறோம். பெற்றோர் கையெழுத்து கட்டாயம்.

பள்ளிக்கூடத்து நீளமான ஹால் ஒன்று போதும். சுடும் கோட்டிலிருந்து டார்கெட் 10 மீட்டர். அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். ஒருவருக்கு 1 மீட்டர் அகலம். கோட்டுக்கு முன்னால் திறக்கும் கதவுகளைத் தாழிட்டு, வெளியே ஒரு ஆளையும் நிறுத்துங்கள். இந்தப் பக்கத்துப் பாறைக் குன்றுகளே நல்ல தடுப்பாச்சே என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். ஈய பெல்லட் (இதில் போடும் சிறு குண்டு) கல்லிலோ சிமென்ட் சுவரிலோ பட்டால் திரும்பித் தெறிக்கும். டார்கெட்டுக்குப் பின்னால் வைக்கும் இரும்புத் தகட்டின் மேல்விளிம்பு நம் பக்கம் சாய்ந்திருந்தால் பெல்லட் கீழே இருக்கும் பெட்டிக்குள் விழும். கண்ணைக் காக்கும் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும், வேடிக்கை பார்க்க வந்தவருக்கும்தான்.

முதல் நாள் பெல்லட்டே கிடையாது. முனை எப்போதும் டார்கெட் பக்கம், குறி வைக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே, எந்தத் துப்பாக்கியும் நிரப்பியதாகவே கணக்கு. இந்த மூன்றும் கைப்பழக்கமாக வேண்டும். பிறகு சேஃப்டி ஃபிளாக்: துப்பாக்கி காலி என்று காட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கயிறு, பேரல் (குழல்) முழுக்க நுழைந்து இரண்டு பக்கமும் வெளியே தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் ரைஃபிளைச் சுடும் கோட்டிலிருந்து எடுக்கலாம்.

பேரலை மடக்கி நிரப்பும் ரைஃபிளில் தனி ஆபத்து ஒன்று உண்டு. மடக்கிய நிலையில் ட்ரிகரில் கை பட்டால் ஸ்பிரிங் விசையில் பேரல் படாரென்று மேலே எழும்பும். பெல்லட் வைக்கும் விரல் நசுங்கிவிடும். ஆகவே ஒரு கை பேரலை இறுகப் பிடித்திருக்க, மறு கைதான் பெல்லட்டை வைக்க வேண்டும். பெல்லட் இல்லாமல் இதைச் சுடவும் கூடாது. எதிர்ப்பில்லாமல் பிஸ்டன் மோதி சீல் கெட்டுப்போகும்.

சுடும் நேரத்தைவிடச் சுடாத நேரம்தான் எங்களுக்குக் கவலை. குறி வைத்திருக்கும்வரை பிள்ளை அசையாது. “சார், எங்கே பட்டிருக்கு?” என்று கேட்கத் திரும்பும்போது உடம்போடு ரைஃபிளும் திரும்பிவிடும். இதைத் திட்டிச் சரிசெய்ய முடியாது; நிற்கும் இடத்தை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். கோச் பின்னால் நிற்காமல் தோளுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், அப்போது கேள்விக்குத் திரும்ப வேண்டியிருக்காது. புதியவர்கள் என்றால் ஒரு கோச்சுக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். “லோட்”, “ஸ்டார்ட்”, “அன்லோட்” ஆகியவற்றை ஒருவர் மட்டுமே சொல்ல வேண்டும். “ஸ்டாப்” மட்டும் ஆபத்தைப் பார்க்கும் யாரும் கத்தலாம், கடைசி வரிசைப் பிள்ளைகூட.

சத்தம் மந்தமாகக் கேட்டு, அட்டையில் துளையும் இல்லையென்றால் பெல்லட் பேரலில் சிக்கியிருக்கும். காற்றழுத்தம் குறைந்திருக்கலாம், பெல்லட்டைத் தலைகீழாகவும் வைத்திருக்கலாம். பிள்ளை உடனே இரண்டாவதைப் போடப் பார்க்கும். அப்படிப் போட்டால் இரண்டும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். முனையை டார்கெட் பக்கமே வைத்துக் கையைத் தூக்கினால் போதும், மற்றதைக் கோச் பார்த்துக்கொள்வார்.

பெல்லட் ஈயம். வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்த வேண்டும். லைனில் தின்பண்டம் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கடைசி நாள் அரைமணி நேரம் பெற்றோருக்கும் சேர்த்து. 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டமும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் அதைப் பொம்மை என்று நினைத்துவிடுகிறார்கள். வீட்டில் பூட்டியே வைக்க வேண்டும், பெல்லட் வேறு இடத்தில் இருக்கட்டும். ஜவ்வாது மலைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றித் தனியாகப் பேசுகிறோம். முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் அந்தத் துப்பாக்கியை, நம் ரைஃபிள்போலத் திறந்து பார்த்துக் காலி என்று சொல்லிவிட முடியாது. முகாமில் கற்ற எந்தச் சோதனையும் அதற்குச் செல்லாது. எங்காவது கண்டால் தொடாமல், கூட இருப்பவரையும் தொடவிடாமல் விலகி வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாததாக இருந்தால் பெரியவர்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லட்டும். சுமந்துகொண்டு போக வேண்டாம்.