கண்ட்ரோல் இசட்

புது மென்பொருள் எதை நிறுவினாலும், முதலில் எதையாவது வேண்டுமென்றே அழித்துவிட்டு கண்ட்ரோல் இசட் அழுத்திப் பார்ப்பேன். போனது திரும்பி வந்தால் சரி, மனுஷன் தப்பு செய்வான் என்று தெரிந்த ஆட்கள் எழுதியது. கட், காப்பி, பேஸ்ட் புழக்கத்துக்கு வரக் காரணமானவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர் அந்த ரகம். ஒரே விசை ஒரு சமயம் ஒரு வேலையும் இன்னொரு சமயம் வேறு வேலையும் செய்யக் கூடாது என்பதில் பிடிவாதக்காரர். அப்படி விசையின் வேலை மாறும் நிலைகளுக்கு ‘மோட்’ என்று பெயர்; கார் நம்பர் பிளேட்டில்கூட ‘நோ மோட்ஸ்’ என்று போட்டிருந்தார்!

ஆனால் எளிமை மட்டும் போதாது. ஒரு குறிப்புச் செயலி, அத்தனை அழகு. சந்தாவை நிறுத்திய மறுநாள் திறந்தேன். ஆறு வருடக் குறிப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன, அவற்றை வெளியே எடுக்கும் ‘ஏற்றுமதி’ பொத்தான் மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. யாரும் தடையில்லாமல் பயன்படுத்தவும் மாற்றவும் முடிகிற மென்பொருள் வேண்டும் என்று 1983இல் நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தது ஏன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது என் குறிப்புகள் எல்லாமே, எந்தச் செயலியையும் நம்பியிராத வெறும் டெக்ஸ்ட் கோப்புகள்.

போன மாதம் ஒரு வேலை வந்தது. சம்பளம் இப்போதையதைப் போல இரண்டு மடங்கு, ஆனால் இரவிலும் போனை எடுக்க வேண்டும். இரண்டு நாள் ஆசைப்பட்டேன், பொய் சொல்வானேன். அப்புறம் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அந்த மெயிலுக்கு கண்ட்ரோல் இசட் கிடையாது.