எண்ணெய் எடுக்க வெயில்

"ஏன் மாப்பிள்ளை, ஓமனில் எண்ணெய் தீர்ந்துவிட்டதா?" நான் சூரிய மின் நிலையத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னதும் மாமா கேட்டது இது. தீரவில்லை, நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் பீப்பாய் வருகிறது. பிறகு வெயிலுக்கு எதற்கு இத்தனை செலவு என்றார். நியாயமான கேள்வி.

தெற்கே அமல் எண்ணெய் வயலுக்குப் போனால் பதில் தெரியும். அங்கே இருப்பது மார்கழித் தேங்காய் எண்ணெய் போலக் கெட்டித்துக் கிடக்கும் சரக்கு. நீராவியைச் செலுத்தி இளக்கினால்தான் மேலே வரும். நீராவிக்காக இயற்கை எரிவாயுவை எரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மிராஹ் திட்டம் வந்தது. கண்ணாடி வீட்டுக்குள், மண்காற்று படாமல், வெயிலைக் குழாயில் குவிக்கும் வளைந்த ஆடிகள். குழாயில் ஓடும் தண்ணீர் வெயிலிலேயே நீராவியாகிறது, துளிப் புகை கிடையாது. அந்தச் சுத்தமான நீராவியின் வேலை எண்ணெய் எடுப்பது! (அதைக் கட்டிய நிறுவனம் 2020-இல் கடையைக் கட்டியது தனிக்கதை.)

இப்படி மிச்சமாகும் எரிவாயு உள்ளூர் ஆலைகளுக்குப் போகலாம், அல்லது சூர் அருகே கல்ஹாத்தில் திரவமாகிக் கப்பல் ஏறலாம். ஜப்பானிலோ கொரியாவிலோ அது எரியும்போது வரும் கார்பன் அந்த நாட்டுக் கணக்கில் சேரும். எரித்தவர் தலையில்தான் எழுதுவார்கள், விற்றவர் தலையில் அல்ல. 2050-க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளிவிடும் கார்பனும் உறிஞ்சி நீக்குவதும் சரிக்குச் சரி என்று ஓமன் சொல்லும்போது, கப்பலில் போனது அதில் அடங்காது.

இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2016 ஜனவரியில் பீப்பாய் 30 டாலருக்கும் கீழே போனபோது, கூடத் தங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக டிக்கெட் எடுத்து ஊர் திரும்பினார்கள். 2021 ஏப்ரலில் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி வந்தது. அடுத்த ஆண்டு எண்ணெய் விலை ஏறியது, பட்ஜெட்டில் உபரியும் வந்துவிட்டது. இங்கே வளர்ச்சி என்றால் இன்னும் பீப்பாய் விலைதான்.

எங்கள் நிலையத்தில் மேகத்தைப் பற்றிக் கவலை இல்லை, தூசிதான் எதிரி. விடியற்காலைப் பனியில் அது குழைந்து சேறாகும். வெயில் ஏறியதும் பேனலோடு ஒட்டிக் காய்ந்துவிடும், அப்புறம் லேசில் போகாது. அதனால் பனி இறங்கும் முன்பே ரோபோக்கள் உலர்ந்த தூரிகையால் வரிசை வரிசையாகத் துடைத்தாக வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவலாமே என்பார்கள். தண்ணீரே கடல்நீரில் உப்பை நீக்கி வருவது. அந்த ஆலை ஓடும் மின்சாரமும் பெரும்பாலும் எரிவாயுவிலிருந்துதான்.

வெயிலிலும் காற்றிலும் எடுத்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜன் என்ற எரிபொருளை எடுத்து விற்க, 2022-இல் ஹைட்ரோம் என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2030-க்குள் ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்பது இலக்கு. மாமாவின் கேள்விக்கு நேரான பதில் அதுதான், நடந்தால். வாங்குகிறவர்கள் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை கல்ஹாத்துக் கப்பல்களை யாரும் நிறுத்தப்போவதில்லை.