‘இல்லைங்க, யாரையும் இடிக்கலை’

கார் ஓட்டும்போது சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறும். மற்றவர்களுக்கு அது வெறும் பள்ளம். எனக்கு அந்த நொடியே ‘யார் மீதாவது ஏற்றிவிட்டேனோ?’ என்று நெஞ்சு பதறும். கண்ணாடியில் பார்ப்பேன், சாலை காலியாகத்தான் இருக்கும். ஓரமாக விழுந்து கிடந்தால் கண்ணாடியில் தெரியாதே என்று மனம் அடுத்ததைக் கிளப்பும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். சரி, யாரும் இல்லை. ஆனால் இப்போது திரும்பி வந்தபோது வேறு யாரையாவது இடித்திருந்தால்? வீட்டுக்கு வந்ததும் பம்பரைத் தடவிப் பார்ப்பது, இரவெல்லாம் விபத்துச் செய்திகளைத் தேடுவது. அப்புறம் மனைவியிடம் கேட்பது: “நான் யாரையும் இடிக்கலைல?”

இதுவும் ஓசிடிதான் (OCD, Obsessive-Compulsive Disorder). வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று துரத்தும் மனநோய். எண்ணச் சுழற்சி நோய் என்றும் சொல்கிறார்கள். ஓசிடி என்றாலே ஓயாமல் கை கழுவுபவர், பொருள்களை வரிசையாக அடுக்குபவர் என்ற சித்திரம் பரவிக் கிடப்பதால், என்னைப் போன்றவர்கள் தங்களுக்கு வந்திருப்பது ஒரு நோய் என்றே தெரியாமல் காலம் தள்ளுகிறார்கள். பெற்ற குழந்தையைக் கத்தியால் குத்திவிடுவேனோ என்று நடுங்கும் அம்மா, கும்பிடும்போது கடவுளைப் பற்றி ஆபாசமான எண்ணம் வந்து உடைந்துபோகும் பக்தர், இவர்களுக்கும் இதே நோயாக இருக்கலாம். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள், அல்லது குற்றவாளி என்பார்கள் என்று பயந்து வாயே திறக்க மாட்டார்கள். உலகம் முழுக்க நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்த நோயைச் சந்திக்கிறார்கள். பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

எனக்குப் பெரிய நிம்மதி தந்தது ஒரு பழைய ஆய்வு. ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்டது. எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் இப்படிப்பட்ட கோரமான எண்ணங்கள் வந்து போகின்றன என்று அதில் காட்டினார்கள். எண்ணத்தின் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரணமாக அது வந்த வேகத்தில் போய்விடும். ஓசிடி உள்ளவருக்கு அடிக்கடி வரும், போகாது, பெரும் வேதனை தரும். நாம் எதை உயிராக நேசிக்கிறோமோ அதையே அது குறிவைக்கும். குழந்தையைப் பற்றிய அந்த எண்ணம் அந்த அம்மாவை இவ்வளவு வதைப்பதற்குக் காரணமே அவள் பாசம்தான். (பிரசவத்துக்குப் பிறகு குழம்பிப் பேசுவது, தூக்கமே இல்லாமல் பரபரப்பது, இல்லாத குரல்கள் கேட்பது என்றால் அது வேறு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

இனி என் மனைவியைப் பற்றி. நான் கேட்கும் ஒவ்வொரு முறையும் பொறுமையாக, “இல்லைங்க, யாரையும் இடிக்கலை” என்பாள். கொஞ்ச நேரம் மனம் அடங்கும். பிறகு ‘அவளுக்கு எப்படித் தெரியும், அவள் வண்டியில் இல்லையே’ என்று மறுபடி தொடங்கும். அன்போடு சொல்லும் அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி. திரும்பிப் போய்ப் பார்ப்பது, இணையத்தில் தேடுவது, வீட்டாரிடம் கேட்பது எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சந்தேகத்துக்குப் பதில் கிடைத்தே ஆக வேண்டும் என்று மூளையைப் பழக்குகின்றன.

சிகிச்சை இதை அப்படியே திருப்பிப் போடுகிறது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் தொடங்கிய முறை இது. பயப்படும் சூழலுக்குள் போக வேண்டும், ஆனால் வழக்கமாகச் செய்கிற சரிபார்ப்பைச் செய்யக் கூடாது. இன்று இதை ஈஆர்பி (ERP, Exposure and Response Prevention) என்கிறார்கள். என் தெரபிஸ்ட் பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொண்டார். வேகத்தடை மீது ஏற்றி இறக்கச் சொன்னார். “கண்ணாடி வண்டி ஓட்டுறதுக்கு, அதுக்குப் பாருங்க. யாராவது விழுந்து கிடக்காங்களான்னு தேடப் பார்க்காதீங்க” என்றார். பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டார். தொண்ணூறு. திரும்பாமல் ஓட்டிக்கொண்டே இருந்தோம். உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பேசிக்கொண்டே போகப் போக எழுபது, அப்புறம் ஐம்பது. குறையாத நாட்களும் இருந்தன. குறையாவிட்டாலும் சந்தேகத்தோடேயே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடிகிறது என்று தெரிந்துகொண்டதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

வீட்டிலும் பேச்சு மாறியது. தெரபிஸ்ட் முன்னிலையில் மூவரும் பேசி வைத்துக்கொண்டோம். இப்போது நான் கேட்டால் அவள், “இது ஓசிடி கேக்குற கேள்விங்க. பதில் சொல்ல மாட்டேன், ஆனா உங்ககூடவே உக்காந்திருக்கேன்” என்பாள். முதல் வாரங்களில் எனக்குக் கோபம் வந்தது, அவளுக்கு அழுகை வந்தது. வீட்டில் யாருக்காவது ஓசிடி இருந்தால் பதில் சொல்வதைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். முன்கூட்டியே பேசி, சம்மதத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

மாத்திரையும் எடுக்கிறேன். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் சிலதான் ஓசிடிக்கும். ஆனால் அளவு பெரும்பாலும் அதிகம் தேவைப்படும், முழுப் பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம். ஒரு மாதத்தில் ‘வேலை செய்யலை’ என்று முடிவு கட்டாதீர்கள், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.

கவுன்சலிங் என்று தேடினால் பலர் கிடைப்பார்கள். முதல் சந்திப்பிலேயே, “ஓசிடிக்கு ஈஆர்பி செய்வீர்களா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். ‘நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை’ என்று வாராவாரம் ஆறுதல் மட்டும் சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த நோய்க்குப் பயன்பட மாட்டார். எண்ணங்களால் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, அல்லது வேலையும் உறவும் கெடுகிறது என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் கூடவே வந்தால் அன்றே போங்கள், அல்லது யாரையாவது அழைத்துச் சொல்லுங்கள். மருத்துவர் எதிரில் உட்கார்ந்ததும் நா எழவில்லை என்றால், அந்த எண்ணத்தை உள்ளது உள்ளபடி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அவர் படித்துவிட்டு, முகம் சுளிக்காமல், “இது எப்போ ஆரம்பிச்சது?” என்றுதான் கேட்டார்.