தலைவர் ஓய்வு பெற்ற பிறகு

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. அறுவைக்கு முன்னும் பின்னும் குழு சரிபார்க்க வேண்டியவை: ஒரே தாள், 19 அம்சங்கள். முதலில் 8 மருத்துவமனைகளில் முயன்று பார்த்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அப்புறம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளுக்கு அது போனது. 2014-இல் ஆய்வு முடிவு வந்தது: இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

அறுவை அரங்குச் செவிலியரான எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. உத்தரவாக மட்டும் வருவதற்கு நாங்கள் மொத்தமாக டிக் போட்டுவிடுவோம். (எல்லா இடத்திலும் நடப்பதுதான்.)

எங்கள் மயக்கவியல் துறைத் தலைவர் வேறு ரகம். பட்டியலைப் புதிதாகச் சேர்ந்த செவிலியரிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்வார். சர்ஜன் அவசரப்படுத்தினால், "சிஸ்டர் முடிக்கட்டும், சார்" என்பார். அவ்வளவுதான். கூட்டம், சுற்றறிக்கை எதுவும் கிடையாது. தலைவர் போன பிறகும் நிலைக்கும் தலைமை பற்றிய பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லித்தருவார்களா, தெரியாது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த நிர்வாகி, நேரம் மிச்சமாகும், வாசிப்பதை நிறுத்திக் கணினியில் டிக் செய்தால் போதாதா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டது அதே சர்ஜன்தான்.